சந்தனம் பூசிய சீப்பு

2019 செப்டம்பர் 16, திங்கள்

பேத்தி இனியா இந்த டைரியைக் கொடுத்தாள். சாயப்பட்டறைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது, பாதி வருஷம் வெறுமையாகக் கிடக்கிறது. "அம்மிச்சி, தெனமும் எழுதுங்க" என்றாள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். எழுதுவேன், மெதுவாக.

ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு டைரி வேண்டியதில்லை. எண்பத்தெட்டில் கேலண்டர் மிஷின் என் வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கொண்டுபோன அன்று, பெரிய முதலாளியின் சம்சாரம் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை தெரியும். அரக்கு. பின்னால் யாரும் வந்து 'அப்படி நடக்கவே இல்லை' என்று சொல்லக் கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

என் வீட்டில் ஓடு ஒழுகுகிறது. அதனால் மகள் மேகலை வீட்டில் இருக்கிறேன். ஓடு மாற்றியதும் போய்விடுவேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஓடு போன வருஷமே மாற்றியாயிற்று என்கிறாள் மேகலை. சுவர் ஈரம் காய வேண்டாமா?

செப்டம்பர் 19, வியாழன்

மேகலையின் புருஷன் பெயர் ஒபின்னா. நைஜீரியா தேசத்துக்காரன். திருப்பூருக்குப் பனியன் வாங்க வந்தவன், மிஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நான் போகவில்லை. எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து பார்த்தேன். அது போனதாகாது.

தலைத் தீவாளிக்கு நான் அழைக்கவில்லை. மாப்பிள்ளை என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவன் என்னை "அத்தைங்" என்பான். நான் "இந்தாங்க" என்பேன். அது போதும்.

முதல் முதல் அவன் என் வீட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். மற்றவர்கள் 'அடப் பாவமே' என்பார்கள், இல்லையென்றால் பார்க்காத மாதிரி இருப்பார்கள். இவன், "எந்த மிஷினுங் அத்தை?" என்று கேட்டான். என்ன கேள்வி அது! இன்றுவரை மன்னிக்கவில்லை. சொன்னேன். அடுத்த வாரமே இரும்புக் கடையிலிருந்து ஒரு பழைய கேலண்டர் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுப் பின்னால் ஷெட்டில் போட்டான். அந்தக் காசுக்கு மேகலைக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கியிருக்கலாம்.

அன்று ஆரம்பித்தது. கை போனால் தானாக நிற்கிற மாதிரி அதற்கு ஒரு தடுப்புச் செய்கிறானாம், அரத்தை வைத்து ராவு ராவு என்று ராவிக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாச்சிமுத்து வந்தான். இவன் அப்பன் கம்பெனியில்தான் என் விரல் போயிற்று. இப்போது இவன் முதலாளி. கூடவே மிஷின் ஓட்டுகிற ரங்கன்.

"அம்மா, சௌக்கியமுங்களா?"

"எட்டு வெரலும் சௌக்கியமுங்க" என்றேன். மேகலை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

எல்லோரும் ஷெட்டில் நின்றார்கள். கேலண்டர் மிஷின் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சூடான இரண்டு உருளை ஒன்றின் மேல் ஒன்று சுற்றும். நடுவில் பனியன் துணியைக் கொடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி அந்தப் பக்கம் வரும். துணியைக் கொடுக்கிற கை கொஞ்சம் உள்ளே போனால் கையும் அந்தப் பக்கம் வரும்.

"தடுப்பு வெச்ச மிஷின் பாத்திருக்கறனப்பா" என்றான் நாச்சிமுத்து. "ரோலுக்கு ரோல் துணிய ஒட்டுப்போட்டுத் தெச்சிருக்கோம். அந்தத் தையல் தடிப்பா வரும். ஒவ்வொரு தையலுக்கும் மிஷின் நின்னா நான் எப்ப டெலிவரி குடுக்கறது?"

"அதான் நாங்க கம்பி போட்டுத் தடுப்பக் கட்டிருவோம்" என்றான் ரங்கன். அவன் இடுப்பில் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று எப்போதும் தொங்கும். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க ஒபிண்ணா. இதையும் கட்டத்தான் போறோம்."

மேகலையின் புருஷன் இனியாவைக் கூப்பிட்டு அவள் சீப்பை வாங்கினான். அவள் முடிக்கென்று வைத்திருக்கிற, பல் அகலமான சீப்பு. அதே மாதிரி உருளைக்கு முன்னால் இரும்பில் ஒரு சீப்புத் தொங்கவிட்டிருக்கிறான். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக அசையும்.

"தையல் வந்தா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லாப் பல்லும் ஒண்ணா எந்திரிக்கும். அப்ப மிஷின் நிக்காதுங். கை வந்தா நாலு பல்லுதான் எந்திரிக்கும். மத்ததெல்லாம் சும்மா இருக்கும். அப்ப உருளை மேல கீழ விலகிரும்."

நாச்சிமுத்து சீப்பை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். ரங்கன் மட்டும் தலையை ஆட்டினான். "சொல்றது நல்லாத்தான் இருக்குது."

"உங்க மிஷின்ல மாட்டறேன். உங்க முன்னாடி என் கையவே குடுக்கறேன். பாத்துட்டு அப்பறம் கட்டுங்க."

எனக்குக் கையில் இருந்த டம்ளர் சுட்டது. காப்பி ஆறித்தான் இருந்தது.

ஆயுத பூசை கழித்து வியாழக்கிழமை டிரையல் என்று முடிவாயிற்று. சரியாக வந்தால் நாச்சிமுத்து தன் எல்லா மிஷினுக்கும் போடுவானாம். போகும்போது சொன்னான்: "ஒண்ணே ஒண்ணுப்பா. உன் பேரு வேண்டாம். இத்தாலி மாடல்னு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிக்கறேன். உங்காளுக செஞ்சதுன்னா வெளிய வாங்கறவன் யோசிப்பான்."

மேகலையின் புருஷன் சிரித்தான். அப்படிச் சிரித்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. தட்டுக் கழுவுகிறவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் 26, வியாழன்

அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய கல்லையெல்லாம் அரிசிப் பக்கம் போட்டிருக்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று கேட்டே விட்டேன்.

"இந்தாங்க. அந்த மிஷினுக்கு உங்க கைதான் வேணுமா? முருங்கக்கா குடுத்தா ஆகாதா?"

"முருங்கக்காய்க்கு நின்னா, முருங்கக்காய்க்குத்தான் நிக்குதுன்னு ரங்கன் சொல்லுவானுங் அத்தை."

"ரங்கன் சொன்னா சொல்லிட்டுப் போறான்."

"சொல்லிட்டுக் கம்பி போட்டுக் கட்டுவானுங்."

பேச்சு அவ்வளவுதான். அவன் கை பெரிய கை. உள்ளங்கை வெளுப்பாக இருக்கும், ரேகையெல்லாம் மை பூசினது போலத் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. தோசை போடும்போது கண்ணில் பட்டது.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி லீவு. ஷெட்டில் வாழைத்தண்டு கொடுத்துப் பார்த்தான். வீட்டுப் பின்னால் பொடக்காளியில் துணி காயப்போடப் போனபோது பார்க்க நேர்ந்தது. தண்டு பல்லில் பட்டதும் உருளை 'டப்' என்று விலகிவிட்டது. மறுபடி கொடுத்தான், மறுபடி விலகியது. காய்ந்த துணியை எடுத்து நனைத்து மறுபடி காயப்போட்டேன். அழுக்குப் போகவில்லை.

பிறகு அவனே கையைக் கொடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெயில்.

'டப்' என்றது.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூசை. நாளைக்கு அந்தச் சீப்பைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோகிறார்கள்.

அவர்கள் மூவரும் கடைவீதிக்குப் பொரி வாங்கப் போயிருந்தார்கள். பூசை நாளில் எந்த இரும்பும் மூளியாக நிற்கக் கூடாது. அரிவாள்மணைக்குச் சந்தனம் வைத்தேன், இனியா சைக்கிளுக்கு வைத்தேன், இதுவும் ஓர் இரும்பு, இதற்கும் வைத்தேன். அவ்வளவுதான். கடைச் சந்தனம் காய்ந்தால் இரும்பில் நிற்காமல் உதிரும். சாதம் வடித்த கஞ்சியை விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். அந்தச் சீப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று பட்டை இழுத்து, பட்டை மேல் குங்குமம் வைத்தேன். பட்டை கோணாமல் வந்தது. என் கை மூன்று விரல்தானே, பட்டை போடுவதற்கென்றே அமைந்தது.

திரும்பி வந்து ஷெட்டைத் திறந்தவன் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"அம்மா, நீங்களா வெச்சீங்க?" என்று மேகலை கேட்டாள்.

"பூச நாள்ல கேக்கற கேள்வியா அது?" என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சீப்பைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார்களாம். தூசி போகத் துடைக்கிறேன் என்று ரங்கன் ஈரத்துணியை எடுத்தானாம். "எங்க அத்தை வெச்ச சந்தனம், அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டானாம் மேகலையின் புருஷன். எதற்கு அதையெல்லாம் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

துணி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு தையலுக்குக்கூட மிஷின் நிற்கவில்லையாம். நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்லாம். கையைக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று மேகலை கேட்டதற்கு, அதைத்தான் ஷெட்டில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்றே, நாளைக்கு எல்லோர் முன்னாலும் கொடுக்கிறேன் என்றான்.

ராத்திரி எனக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டேன். பூசைப் பொரி ஆகவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அவன் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனான். நான் இனியாவைத் தலைவாரக் கூப்பிட்டேன். அவள் முடி சுருண்டு சுருண்டு கிடக்கும், எண்ணெய் வைத்துப் பகுதி பகுதியாக எடுத்தால்தான் அந்தப் பெரிய சீப்பு இறங்கும். அவள் அப்பனைத் தவிர என் ஒருத்திக்குத்தான் அந்தப் பக்குவம் வரும். பூசை லீவில் மூன்று நாளாகப் பின்னலைப் பிரிக்கவில்லை. சீப்பைத் தேடினால், பூசையன்று சந்தனம் குழைத்த கிண்ணத்துக்குள் கிடந்தது. யார் போட்டார்களோ. எடுத்தேன். கிண்ணமும் சேர்ந்து வந்தது.

உதறிப் பிரித்தேன். சீப்பில் பல்லைக் காணோம். கஞ்சியும் சந்தனமும் இறுகி, பல்லெல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக நின்றது. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போயிற்று.

எல்லாப் பல்லும் ஒன்றாக எழுந்தால் மிஷின் நிற்காது. அவன்தானே சொன்னான்.

தெருமுனைவரை செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன், அது ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. "எங்கீங் போகோணும்?" என்று ஆட்டோக்காரன் கேட்கிறான், எனக்குக் கம்பெனிப் பெயர் வரவில்லை. எதையும் மறக்காதவளுக்கு. "வெரலு போன எடம், வெரலு போன எடம்" என்கிறேன். பிறகு வந்தது. வழியில் ரயில்வே பாலத்தடியில் வண்டியெல்லாம் அடைத்து நின்றது. நான் கத்திக்கொண்டு ஓடியதைக் கேட்டு மேகலை அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள் என்று பிறகு சொன்னாள். போன் அவன் சட்டையோடு ஆணியில் தொங்கியிருக்கிறது.

உள்ளே போனேன். அந்த வாசலை எண்பத்தெட்டுக்குப் பிறகு மிதித்ததில்லை. நீராவி வாடை அப்படியே இருக்கிறது. ஆட்கள் வட்டமாக நிற்கிறார்கள். மிஷின் ஓடுகிறது. அவன் பனியனோடு நின்றுகொண்டு, வலது கையை விரித்து, துணியோடு துணியாக உள்ளே கொண்டுபோகிறான். சிரித்துக்கொண்டு வேறு.

சீப்பில் என் மூன்று பட்டை. கோணாமல்.

என் வாயிலிருந்து என்னவோ வந்தது. என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ரங்கன்தான் சொன்னான், "மாப்பிள்ளே! கைய எடுங்க மாப்பிள்ளே!" என்று மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேனாம்.

அவன் கை நின்றுவிட்டது. எதற்குக் கத்துகிறேன் என்று தெரிந்து நிற்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். கை வெளியே வந்துவிட்டது.

நான் பக்கத்தில் போய்ச் சீப்பைக் காட்டினேன். பேச மூச்சு வரவில்லை. அவன் ஒரு பல்லை விரலால் தூக்கினான். எல்லாப் பல்லும் எழுந்தன. பையில் ஒரு வாழைத்தண்டு வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். உருளை விலகவில்லை. தண்டு நாராக அந்தப் பக்கம் போய் விழுந்தது. தண்ணீர் சொட்டியது.

ரங்கன் மிஷினை நிறுத்தினான்.

"மிஷின் மேல தப்பில்லீங்க" என்றேன் நாச்சிமுத்துவிடம். "கஞ்சி ஊத்திச் சந்தனம் வெச்சது நானு."

"அதாம்மா நானும் சொல்றேன்" என்றான். "ஊர்ல எந்த மிஷினுக்குச் சந்தனம் வெக்காம இருக்கறாங்க? வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஒருத்தன் கைய அறுத்துக்கறதா? இது ஆகாதுங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கை முழங்கால் மேல் இருந்தது. ஐந்து விரலும் இருந்தன.

அக்டோபர் 11, வெள்ளி

சாப்பிடவில்லை. அவன் இல்லை, நான். அவன் சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தைங். ஒரு ஒதவி."

"என்னைய எங்கயாச்சும் கொண்டுபோய் உடறதுன்னா சொல்லுங்க, துணி எடுத்து வெக்கறேன்."

"நீங்க வெக்காட்டி, நாச்சிமுத்து கம்பெனில அடுத்த வருசம் வேற ஒருத்தர் வெச்சிருப்பாங்க. அன்னிக்கு அங்க மாப்பிள்ளேன்னு கத்தறதுக்கு யாரு இருப்பாங்க?"

எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்தேன்.

"புதுச் சீப்பு செய்யறேன். முடிஞ்சதும் அதே மாதிரி வெச்சுக் குடுங்க. அதே கஞ்சி. இன்னும் தடிப்பா."

அக்டோபர் 20, ஞாயிறு

முடித்துவிட்டான். பல்லை இரண்டு வரிசையாக வைத்திருக்கிறான், ஒன்று முன்னால், அடுத்தது பின்னால். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. இழுத்துப் பட்டை போட்டேன், ஒவ்வொரு பல்லிலும் தனித்தனித் துண்டாகத்தான் நிற்கிறது. வீம்புக்கு இன்னொரு கை அப்பினேன். வெயிலில் காயவைத்தோம். கல்லாக இறுகியது. பல் தனித்தனியாகவே அசைகிறது.

ஷெட்டில் வாழைத்தண்டு, சுரைக்காய், கடைசியில் என் பழைய செருப்பு எல்லாம் கொடுத்துப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் விலகியது. செருப்பைக் கேட்காமல் எடுத்தான், அதைக் குறித்து வைக்கிறேன்.

மேகலை போய்க் கெஞ்சியதில், தீவாளிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பதாக நாச்சிமுத்து ஒப்புக்கொண்டிருக்கிறான். புதன்கிழமை. மறுபடியும் மேகலையின் புருஷன் கைதானாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

முறுக்குக்கு மாவு அரைத்தேன். நாளைக்கு அவன் போட்டுக்கொண்டு போகிற சட்டையில் வலது கைப் பித்தான் தளர்ந்திருந்தது. இறுக்கித் தைத்தேன். போனதடவை மாதிரிச் சட்டையைக் கழற்றிப் பனியனோடு நிற்க வேண்டாம், நாலு பேர் முன்னால் மரியாதையில்லை என்று மேகலையை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 23, புதன்

நானும் வருவேன் என்றேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அதே ஆட்கள், அதே வட்டம். சீப்பில் சந்தனம் தடித்து நின்றது. ரங்கன் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, செவுத்துக்கே பூசலாம் போல" என்றான். மிஷினை ஓட்டினார்கள். தையல் ஒன்று வந்தது, நிற்காமல் போயிற்று.

அவன் சட்டைக் கையை மடிக்கப் பார்த்தான். பித்தான் வரவில்லை. நெருக்கித் தைத்திருக்கிறது. குனிந்து பல்லால் இழுக்கிறான்.

நான் துணி கொடுக்கிற இடத்துக்குப் போனேன். அந்த இடம் எனக்குத் தெரியும். எங்கே நின்றால் காலுக்கு வாகு, எவ்வளவு வளைய வேண்டும், எல்லாம் தெரியும். இந்தக் கையின் ருசி ஏற்கெனவே தெரிந்த உருளைதானே. துணியைப் பிடித்துக் கொடுத்தேன். கையை எடுக்கவில்லை.

"அத்தைங்!"

சூடு வந்தது. பல் என் விரலில் பட்டது. நாலைந்து பல்தான் எழுந்தது, மற்றவை அப்படியே நின்றன.

'டப்' என்றது.

உருளை விலகி நின்றது. நடுவில் என் கை. மூன்று விரல், முன்பு எத்தனையோ அத்தனை.

அவன் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் நாள் பார்த்தானே, அதே பார்வை. கண்ணில் தண்ணீர். "ஏனுங் அத்தை, ஏனுங்?" என்றான்.

"உங்க பித்தான் வர்றதுக்குள்ள பொழுதே போயிரும் போல இருந்துச்சு" என்றேன்.

ரங்கன் இடுப்பிலிருந்த கட்டுக்கம்பிச் சுருளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டான். நாச்சிமுத்து அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "எல்லா மிஷினுக்கும் மாட்டிரலாம் ஒபி" என்றான். "ஸ்டிக்கரு அன்னிக்கே அடிச்சு வெச்சாச்சு…"

"அத உங்க காருக்கு ஒட்டிக்கங்க" என்றேன். "இது எங்க மாப்பிள்ளை செஞ்சது. ஒபின்னா. அந்தப் பேரப் பெருசாப் போடுங்க. போடலீன்னா ஒரு பல்லுகூட இங்க இருக்காது, கழட்டிக் கூடையில போட்டு நானே செமந்துட்டுப் போவேன்."

இந்தத் தடவை என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சரிங்கம்மா" என்றான் நாச்சிமுத்து. அவன் அப்பன் ஒரு நாளும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

அக்டோபர் 24, வியாழன்

கையில் லேசாகக் கொப்புளம். மாப்பிள்ளை மருந்து போட்டார். முறுக்கு கருகிவிட்டது, மேகலை பார்த்த அழகு.

அக்டோபர் 27, ஞாயிறு

தீவாளி. தலைத் தீவாளியை மாமியார் வீட்டில்தான் கொண்டாட வேண்டும். அதனால் எல்லோரையும் என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார். மூன்று விரலால் எண்ணெய் வைத்தேன். வேட்டி சட்டை கொடுத்தேன். கட்டத் தெரியவில்லை, இனியா சிரித்து உருண்டாள். பதினோரு வருஷம் கழித்துத் தலைத் தீவாளியா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். யார் கேட்டது, என்ன நிறச் சேலையில் நின்று கேட்டாள் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

காலையில் நல்ல மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாப்பிள்ளை அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

சாயந்திரம் எல்லோருமாக மேகலை வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வடக்கு மூலையில் ஓர் ஓடு எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.